சிவப்பு ரிப்பன் கட்டிய மரச்சீனி

கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே சொல்லில் கூட்டத்தைக் கலைக்கத் தெரிந்தவள், பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் தேடினாலும் நான் ஒருத்திதான். அதுவும் நான் கலைத்தது ஒரு கூட்டத்தை அல்ல, இரண்டை. ஒன்று எங்கள் கிறிஸ்தவச் சபையின் ஏலக் கூட்டம். இன்னொன்று அறிவியல் எழுத்தாளர்களின் வட்டார மாநாடு. இந்தக் கதையைச் சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று என் கணவர் எதிர்பார்க்கிறார். எனக்கென்னவோ தலை நிமிர்ந்தே இருக்கிறது.

நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறவள். ஓய்வு நேரத்தில் தமிழிலும் மலையாளத்திலும் அறிவியல் கட்டுரைகள் எழுதுவேன். (கேரள எல்லையில் பிறந்தவர்களுக்கு இந்த வசதி உண்டு. தமிழ்க்காரர்கள் ‘உங்கள் தமிழில் மலையாள வாடை’ என்பார்கள். மலையாளிகள் ‘மலையாளத்தில் தமிழ் வாடை’ என்பார்கள். ஆக மொத்தம் வாடைக்குக் குறைவில்லை.) இரண்டு பக்கத்து எழுத்தாளர்களும் சேர்ந்து ஒரு மாநாடு நடத்துவது என்று முடிவானபோது, குழுவில் எல்லோரும் திருவனந்தபுரத்தில் குளிரூட்டிய அரங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

“அறிவியலை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று மக்களே இல்லாத இடத்தில் உட்கார்ந்து பேசினால் எப்படி?” என்று கேட்டேன். “எங்கள் ஊரில் வைப்போம்.”

கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வரும். அரங்கம் வாடகையில்லாமல் கிடைக்கும், மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அரங்கம் என்று நான் சொன்னது எங்கள் சபையின் பாரிஷ் ஹால். அதை வாங்கித் தர வேண்டியவள் என் அம்மா தங்கபாய். சபையின் மாதர் சங்கத்துக்குச் செயலாளர். கமிட்டிக்காரர்கள், “அன்னைக்கு ஆத்யபல ஏலமாக்கும், முற்றத்துல கூட்டம் நெறைஞ்சு நிக்கும், இதுக்கு எடையில மாநாடா?” என்று தயங்கியபோது அம்மா விடவில்லை. “ஏலம் முற்றத்துல, மாநாடு ஹாலுக்குள்ள. எனக்க மவ விளிச்ச ஆளுகளுக்கு நான் கெழங்கும் சாளை மீன் கறியும் வச்சுப் போடுதேன். ஒரு குறையும் வராது. வந்தா எனக்கிட்ட கேளுங்க” என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். எழுந்து நின்று வாக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆத்யபலம் என்றால் விளைச்சலின் முதல் பங்கு. முதல் வாழைக்குலை, முதல் தேங்காய், முதல் கிழங்கு, கோழி, ஆடு எல்லாவற்றையும் சபைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை முற்றத்தில் மேசை போட்டு ஏலம் விடுவார்கள். சந்தையில் யாரும் சீந்தாத பூசணிக்காய்கூட இங்கே மோதிரம் விற்கும் விலைக்குப் போகும். எடுத்தவர் பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார், அல்லது சாப்பாட்டுக்குக் கொடுத்துவிடுவார். பார்க்க அழகாக இருந்தால் போட்டி கூடும் என்பதால், ஒவ்வொரு வீட்டிலும் பொருளைக் கழுவித் துடைத்துப் பூ வைத்து, ரிப்பன் கட்டித்தான் அனுப்புவார்கள். இதெல்லாம் எனக்குப் பிறந்தது முதல் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்ததைக் கேளுங்கள்.

மாநாட்டில் எனக்கும் ஓர் அமர்வு தந்திருந்தார்கள். நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு: ‘பயமுறுத்தாமல் ஆபத்தைச் சொல்வது எப்படி?’

(சிரித்து முடித்துவிட்டீர்களா? மேலே போகலாம்.)

எடுத்துக்காட்டாக மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, தேர்ந்தெடுத்தேன். எங்கள் பக்கத்தில் வெறுமனே கிழங்கு என்றாலே மரச்சீனிதான். அதில் இனிப்புக் கிழங்கு உண்டு, கைக்கிற கிழங்கும் உண்டு. கைக்கிறதில் சயனைடு வகை நச்சு கூடுதலாக இருக்கும். முறையாக வேக வைத்துத் தண்ணீரைக் கொட்டினால் போய்விடும். வெள்ளறடைப் பக்கம் ரப்பர் தோட்ட ஓரத்தில் என் தம்பி இந்தக் கைப்புக் கிழங்கைத்தான் நடுவான். காட்டுப்பன்றி தொடாது. அவனிடமிருந்து ஒரு மூட்டுக் கிழங்கு, அதாவது ஒரு செடியில் விளைந்தது, வாங்கினேன். அதோடு வீட்டுக் கிழங்கும் கொஞ்சம். மேடையில் இரண்டையும் காட்ட வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் என் பேச்சின் உச்சம். மேடையில் எனக்கே குழம்பிவிடக் கூடாதே என்று இனிப்புக்குப் பச்சை ரிப்பன், கைப்புக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். மண் ஒட்டியிருந்தால் மேசைவிரிப்பு பாழாகும் என்று நன்றாகக் கழுவித் துடைத்தேன். புதுக் கூடையில் அடுக்கினேன். எழுதிக் காட்டும் அட்டை மட்டும் வைக்கவில்லை. எழுத்தாளர் அல்லவா, எதையும் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்ற தைரியம்.

சனிக்கிழமை காலை அந்தக் கூடையை ஹாலின் வராந்தாவில் வைத்துவிட்டு, நாற்காலி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க உள்ளே போனேன்.

மாநாட்டுத் தலைவி லதிகா டீச்சர் திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர். மெலிந்த உருவம், கனத்த குரல், முழுக்க மலையாளம். தொடக்க உரை முடிந்து, ‘வதந்திகளை எதிர்கொள்வது’ என்ற அமர்வு நடந்துகொண்டிருந்தது. வெளியே தென்னையில் கட்டிய ஒலிபெருக்கியில் ஏலம் விடுகிற ஜான்ரோஸ் மாமாவின் குரல் எங்கள் பேச்சாளரின் குரலை விழுங்கிக்கொண்டே இருந்தது. ஜான்ரோஸ் மாமா என் அம்மாவின் தம்பி. ஏலம் விடுவதில் சுற்றுவட்டாரத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஒரு முட்டையை அரை மணி நேரம் ஏலம் விடுவார்.

“அடுத்தது நல்ல கெழங்கு. யாருக்க வீட்டுக் கெழங்குன்னு தெரியல்ல, ஆனா கட்டியிருக்க கட்டப் பாருங்க மக்கா. செவப்பு ரிப்பன். கல்யாணப் பெண்ணு மாதிரி இருக்கு.”

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், “பாருங்கள், எங்கள் ஊரில் கிழங்குக்குக்கூட அலங்காரம் செய்வார்கள்” என்று பெருமையாக விளக்கினேன். கிழங்கு விலை ஏறிக்கொண்டே போனது. “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்று மாமா இழுத்தார். கடைசியில் ரப்பர் கடை விஜயன் அண்ணன் எடுத்தார் என்று அறிவித்தார். விஜயன் அண்ணன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், செங்கல் ஊர்ச் சிவன் கோயில் உற்சவத்துக்கு எப்படி அள்ளிக் கொடுப்பாரோ அப்படியே எங்கள் ஏலத்திலும் கொடுப்பவர்.

“விஜயன் அண்ணாச்சி இந்தக் கெழங்க நம்ம ஜெஸ்ஸி டீச்சருக்க விருந்தாளிகளுக்குச் சாப்பாட்டுக்குக் குடுத்திருக்காரு. நல்ல மனசுக்கு நன்றி உண்டு.”

என் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் ஹாலில் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். அந்தக் கும்பிடை இப்போது நினைத்தால்தான் எனக்குக் காது சூடாகிறது.

அடுத்தது என் அமர்வு. கூடையை எடுக்க வராந்தாவுக்குப் போனேன். கூடை இல்லை. இருந்த இடத்தில் ஒரு சாமந்திப் பூ கிடந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் ஏலத்துக்கு வந்த பொருள் என்று நினைத்து, பூவும் வைத்து, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? எங்கள் சபையில் கழுவித் துடைத்து ரிப்பன் கட்டிய கிழங்குக்கு அன்று வேறு என்ன வேலை இருக்க முடியும்?

முற்றத்துக்கு ஓடி மாமாவிடம் கேட்டேன்.

“மாமா, அந்தச் செவப்பு ரிப்பன் கெழங்கு எங்க?”

“அது எப்பவே அடுக்களைக்குப் போயாச்சு மக்கா. வெட்டி வார்ப்புலயும் போட்டிருப்பாங்க. நல்ல வெலைக்குப் போச்சு, கேட்டியா?”

சமையல் நடப்பது சபைக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துக்கு அப்புறம். ஓடினால் போய்விடலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை, கை மட்டும் வேலை செய்தது. மாமாவின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

“யாரும் கெழங்கத் தொடாதீங்க. அதுல சயனைடு உண்டு.”

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு மூச்சு இல்லை, கேட்க அங்கே ஆள் இல்லை.

ஏலத்தில் கிழங்கு எடுத்தவர்கள் எல்லோரும் பாம்பைப் பிடித்ததுபோல் கீழே போட்டார்கள். இரண்டு சேவல்கள் கயிறு அறுத்துக்கொண்டு ஓடின. (அவைதான் அன்று சரியாக முடிவெடுத்தவை.) ஸ்கூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உதைக்கப்பட்டன. காலையில் வீட்டில் கிழங்கு தின்று, பால் விடாத கட்டன் சாயாவும் குடித்துவிட்டு வந்த ஒரு பெரியவர், தலை சுற்றுகிறது என்று வேதாகமக் கண்காட்சி மேசையில் படுத்துவிட்டார். “அது நம்ம வீட்டுக் கெழங்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல” என்று அவர் மனைவி கத்திப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். பனச்சமூட்டில் இருக்கும் என் நாத்தனார் எனக்குப் போன் செய்து, “உங்க சபையில ஆளுக செத்தாமே, நீ உயிரோட உண்டா?” என்று கேட்டாள். ஒளியின் வேகம் பற்றி நான் எழுதியிருக்கிறேன். வதந்தியின் வேகத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

சரி, ஊர்க்காரர்கள் பயந்தார்கள். ஆபத்தான செய்தியை எப்படிச் சொல்வது என்று காலை முழுக்கப் பேசிய நிபுணர்கள் என்ன செய்தார்கள்? ஹாலின் கதவைச் சாத்திக்கொண்டு குழு அமைத்தார்கள். மறுப்பு அறிவிப்பு ஒன்று எழுத வேண்டும். ‘நச்சு’ என்று போடலாமா, ‘விஷம்’ என்று போடலாமா என்று தமிழ்க்காரர்கள் விவாதித்தார்கள். மலையாளத்தில் அதற்குச் சரியான சொல் எது என்று அந்தப் பக்கத்தில் விவாதம். ஒருவர் படம் போட்டு விளக்கலாம் என்றார். இன்னொருவர், முதலில் மக்களின் உணர்வை அங்கீகரிக்க வேண்டும் என்றார். லதிகா டீச்சர் மேசையைத் தட்டி, “ஆரெங்கிலும் ஒந்நு அடுக்களயில் போய் நோக்கியோ?” என்று கேட்டார். யாராவது சமையலறைக்குப் போய்ப் பார்த்தீர்களா என்கிறார். யாரும் போகவில்லை. நானும்தான் போகவில்லை.

போனேன்.

சமையல்கட்டில் அடுப்பைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் விலகிப் போய் மதில் ஓரம் நின்றார்கள். அம்மா மட்டும் வார்ப்பின் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். வார்ப்பு என்கிற அந்தச் சமையல் பாத்திரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரியது. அது நிறைய கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. என் சிவப்பு ரிப்பன் விறகின் மேல் கிடந்தது.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அகப்பையை வார்ப்பின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள்.

“நான் கமிட்டியில எழும்பி நின்னு சொன்னேன் மக்கா, ஒரு குறையும் வராதுன்னு. இனி ஆரு வந்து இத திம்பா? இனி எனக்க கையால வச்சது எதையும் ஆரு திம்பா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயத்தில் நான் ஒலிபெருக்கியில் போட்டு உடைத்தது கிழங்கின் பெயரை மட்டுமல்ல. எத்தனையோ வருஷமாக அந்தச் சபையில் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் சமைத்துப் போட்ட அம்மாவின் கைக்கே விஷம் என்று பெயர் வைத்துவிட்டேன். ஒரு வேளைச் சாப்பாடு போனால் போகட்டும். இதை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

“அம்மே, தண்ணிய ஊத்திக் களஞ்சாச்சா?”

“இல்ல. கொதிச்சுட்டு இருந்தது, அதுக்குள்ள நீ…”

“அப்பம் ஒண்ணும் ஆவல்ல. கேளு. இவ்வளவு கெழங்குல என் கெழங்கு கொஞ்சம்தான் கெடக்கு. தோலு போச்சு. சின்னதா வெட்டியாச்சு. மூடாம வேவுது. அதுல உள்ளது தண்ணிக்குள்ள எறங்கும், ஆவியிலயும் போவும். இந்தத் தண்ணிய முழுசும் ஊத்திட்டு, புதுத் தண்ணி விட்டு, மறுபடி திறந்து வச்சுக் கொதிக்க விட்டு, அதையும் ஊத்திட்டா திங்கலாம். கோழிக்கும் ஆட்டுக்கும் அந்தத் தண்ணியக் காட்டாண்டாம், அவ்வளவுதான்.”

அம்மா அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“பொறவு இத அங்க சொல்லாம, ஒத்த வார்த்தைய மட்டும் என்னத்துக்குச் சொன்ன?”

நான் வந்த வழியே திரும்பி ஓடினேன்.

நான் மறுபடி முற்றத்துக்குப் போனபோது, குழுவினர் அறிவிப்பின் முதல் வாக்கியத்தை முடித்திருந்தார்கள். அதில் ‘எனினும்’ இரண்டு இடத்தில் வந்தது. நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு மாமாவிடம் மைக்கைக் கேட்டேன். மாமா மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இனி என்ன சொல்லப் போற?”

“இந்தத் தடவ முழுசாச் சொல்லுதேன் மாமா.”

தயங்கித்தான் தந்தார். ரோட்டோரத்திலும் மதிலுக்கு அப்பாலும் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். நான் பேசினேன். ஒரு வாக்கியம் தமிழில், அதையே மலையாளத்தில், மறுபடி தமிழில்.

“நான் தங்கபாய்க்க மவ ஜெஸ்ஸி பேசுதேன். ஆருக்கும் ஒண்ணும் ஆவல்ல. ஆரும் பேடிக்காண்டாம். ஏலத்துல நீங்க எடுத்ததெல்லாம், பச்ச ரிப்பன் கட்டினதும், நல்ல கெழங்கு, வீட்டுக்குக் கொண்டுபோங்க. செவப்பு ரிப்பன் கட்டினது மட்டும் கைக்குற கெழங்கு. அத நான் பாடம் நடத்தக் கொண்டுவந்தேன். எழுதி வைக்காததும், ஓடி வந்து பாதியச் சொன்னதும் எனக்க தப்பு, வேற ஆருக்கும் இதுல பங்கு இல்ல.” அதன்பிறகு, அம்மாவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். தோல், வெட்டு, திறந்த பாத்திரம், தண்ணீர், மறுபடி தண்ணீர். “எனக்க அம்மை இப்ப தண்ணிய ஊத்துதா. பாக்கணும்னா வந்து பாருங்க. வெந்ததும் முதல்ல நான் திங்கேன். பொறவு உங்களுக்கு இஷ்டம்.”

யாரும் கைதட்டவில்லை. ஆனால் ஸ்கூட்டர்கள் அணைந்தன. சில பெண்கள் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கப் போனார்கள். போனவர்களில் ஒருத்தி, “ஊத்துதாங்க, ஊத்துதாங்க” என்று அங்கிருந்தே சொன்னாள். பெரியவர் மேசையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

வெந்து முடிந்ததும் முற்றத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். எதிரே வாழையிலையில் கிழங்கும் சாளைக் கறியும். சுற்றிலும் ஊர். ஹால் ஜன்னல்களில் இரண்டு மாநிலத்து அறிவியல் எழுத்தாளர்கள். என்னைப் பெண்பார்க்க வந்த நாளில்கூட இத்தனை பேர் இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தேன். ஜான்ரோஸ் மாமாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மைக்கில் ஆரம்பித்துவிட்டார்.

“பிள்ள தின்னுட்டா. ஒண்ணும் ஆவல்ல. ஒரு தரம்…”

நான் மெல்லுவதை நிறுத்தி அவரை முறைத்தேன்.

“முறைக்குதா. நல்ல தெம்பாத்தான் இருக்கா. ரெண்டு தரம்…”

அதற்குள் அம்மா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எனக்கும் வைங்க” என்றாள். அவளுக்குப் பரிமாற யாரும் முன்வராததால் விஜயன் அண்ணன் வந்து பரிமாறினார். “நான் ஏலம் எடுத்த கெழங்கு, நான் திங்காம பின்ன ஆரு திங்கது?” என்று சொல்லி, தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஊரே பார்க்கத் தின்றோம். சாளைக் கறி அன்று அவ்வளவு ருசி. அம்மா விஜயன் அண்ணனிடம், “உப்பு சரியா உண்டா?” என்று கேட்டாள். அவர் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். கிழங்கா, உப்பா என்று அம்மா கேட்டாள். “கெழங்கு” என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் கூட்டம் திரும்பியது. முதலில் மாதர் சங்கம், பிறகு கமிட்டி, பிறகு முற்றம் முழுக்க. ஆம்புலன்சில் வந்தவர்களும் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்தியில்தான் அறிவியல் எழுத்தாளர்கள் உட்கார்ந்தார்கள். (மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் அறிவியல் முறை என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.) லதிகா டீச்சர் கை கழுவிக்கொண்டே, “ஜெஸ்ஸீ, இனி பிரபந்தம் வாயிக்கண்ட, எல்லாம் கண்டு கழிஞ்ஞு” என்றார். கட்டுரை வாசிக்க வேண்டாம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்பது அதன் பொருள். ஆகவே என் கட்டுரை இன்றுவரை அரங்கேறவில்லை.

வார்ப்பு காலியான பிறகு அம்மா அதைக் கவிழ்த்துப் போட்டாள். அடியில் ஒரு துண்டு மிச்சமில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். நிறைய எழுதியிருக்கிறேன், சில பரிசுகளும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் சொன்னதை நம்பி ஓர் ஊர் திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

இப்போது எங்கள் வீட்டில் யார் என்ன சமைத்தாலும், வாயில் வைக்குமுன் என் கணவர் “அறிவிப்பு ஏதும் உண்டா?” என்று கேட்பார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மா செய்வதுதான் அதிகம். சபைக்குப் புதிதாகப் போதகர் வந்தாலும், கல்யாண வீட்டில் தெரியாதவர்களைப் பார்த்தாலும், என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துவாள்.

“இவ எனக்க மவளாக்கும். சபையில உள்ள அவ்வளவு பேரையும் கொல்லப் பாத்தவ.”

கேட்டவர்கள் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பார்கள். அம்மா அவசரப்பட மாட்டாள். சேலையைச் சரிசெய்துகொள்வாள், யாரையாவது பார்த்துத் தலையசைப்பாள், அவர்கள் ஓர் அடி பின்னால் போகும் வரைக்கும் காத்திருப்பாள். அதற்கு அப்புறம்தான் மீதியைச் சொல்வாள்.

“பொறவு அவளே இருந்து தின்னு காட்டி, எனக்க மானத்தக் காப்பாத்தினா.”